அறந்தாங்கி ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

புதுக்கோட்டையிலிருந்து கரூர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. பையை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறவிட்டால் ஜோடித்து எழுத ஆரம்பித்துவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் என் வலைப்பூ (பிளாக்) பதிவுகளோடு மொத்தமாகக் காணாமல் போனது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்தக் கதையை மறுபடி சொல்லத் தெம்பில்லை. துக்கம் விசாரிப்பதுபோல் போன் செய்தவர்களிடம் சரியாகப் பேசாமல் வைத்ததற்கு மட்டும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையில் நான் புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11 அன்று நடந்த வலைப்பதிவர் திருவிழாவுக்கு வருவதாகவே இல்லை. 2012இல் சென்னைக்கும் போன வருடம் மதுரைக்கும் போனவள்தான். ஆனால் இந்த முறை என்ன முகத்தோடு போவது? வலைப்பதிவர் கையேட்டில் என் பெயரும் வலைப்பூ முகவரியும் அச்சாகிவிட்டன. விவரம் அனுப்பிய பத்தாம் நாள்தான் எல்லாம் போனது. அந்த முகவரியைத் தட்டினால் 'அப்படி எதுவும் இல்லை' என்று வரும். இல்லாத வீட்டுக்கு விலாசம் கொடுத்த மாதிரி. விழாவை நடத்திய கணினித் தமிழ்ச் சங்கத்து ஆசிரியை ஒருவர் இரண்டு முறை போன் செய்து, "வலைப்பூ வராட்டிப் போகுது, நீங்க வாங்க" என்றார். அதற்கு மேல் மறுத்தால் நன்றாக இருக்காது என்று திருச்சி வந்து பஸ் மாறிக் கிளம்பினேன்.

மேடையில் பதிவர் அறிமுகம் நடந்தபோது என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். அடுத்து வலைப்பூ பெயர் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. "இப்போதைக்கு எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த குவைத் தோழி அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் திட்டினாள். அவளுக்கும் நன்றி.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். திரும்பி என் பெயர் அட்டையைப் பார்த்தார். "எல்லாம் போயிருச்சுன்னு சொன்னாங்களே, நெசமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கிட்ட இருக்கே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, மகன் வாங்கிக் கொடுத்த டேப்லட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதில் மின்னஞ்சல் பெட்டி. தள்ளத் தள்ள என் பதிவுகள். 2011 ஜனவரியிலிருந்து.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். வலைப்பூவின் ஓரத்தில் 'பதிவுகளை மின்னஞ்சலில் பெற' என்று ஒரு பெட்டி வைப்போம், ஃபீட்பர்னர் என்ற கூகுள் சேவை கொடுத்த பெட்டி. முகவரியைக் கொடுத்தவருக்குப் புதுப் பதிவு தானாக அஞ்சலில் போய்விடும். நான் வைத்ததையே மறந்துபோயிருந்தேன். பதிவின் முதல் நான்கு வரி மட்டும் போகிற மாதிரி அமைத்துவிடு, அப்போதுதான் மீதியைப் படிக்க உள்ளே வருவார்கள், ஹிட்ஸ் ஏறும் என்று ஒரு நண்பர் அப்போது சொன்னார். எங்கே மாற்றுவது என்று எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் முழுப் பதிவும் அறந்தாங்கியில் இவர் பெட்டிவரை போயிருக்கிறது.

"நீங்க எதையும் அழிக்க மாட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"ரயில்வே தபால்ல, ஆர்.எம்.எஸ்.ல, தபால் பிரிக்கிற சார்ட்டிங் வேலைம்மா, 34 வருசம். வந்த தபாலைத் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை."

அவருக்கு வலைப்பூ கிடையாது. ஒரு பதிவுக்கும் பின்னூட்டம் போட்டதில்லை. பதிவர்களை நேரில் பார்க்க வந்தாராம், அவ்வளவுதான். என் மின்னஞ்சல் முகவரியைக் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு, மாலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை விடிகாலை 4.50க்கு முதல் அஞ்சல் வந்தது. மொத்தமாக அனுப்பும் வழி அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாக பார்வர்டு செய்திருக்கிறார். நாள் முழுக்க போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. என் மகள் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. புதன் இரவு வரைக்கும் 186 பதிவுகள். படங்கள் மட்டும் இல்லை, படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். அதனால் என்ன.

நான் எதிர்பார்க்காதது இன்னொன்று. பாதிக்கு மேற்பட்ட அஞ்சல்களின் தலையில் ஒரு வரி தட்டச்சு செய்திருந்தார். தேங்காய்ப்பால் முறுக்கு பற்றிய பதிவுக்கு: 'வீட்டில் செய்தோம். உப்பு கூடிவிட்டது, பதிவில்தான் பிழை என்று மனைவி சொல்கிறார்.' கரூர்ப் போர்வைத் தறிகள் பற்றிய பதிவுக்கு: 'நீங்கள் எழுதிய அந்தப் போர்வை எங்கள் வீட்டில் இருக்கிறது.' சாயக்கழிவும் அமராவதி ஆறும் பற்றி நான் கோபமாக எழுதியதற்கு: 'இன்னும் கோபப்பட்டிருக்கலாம்.' என் மாமனார் இறந்தபோது எழுதியதன் மேலே எதுவும் இல்லை, ஒரு முற்றுப்புள்ளி மட்டும். கை தவறிப் பட்டதா, வேண்டுமென்றே வைத்ததா தெரியாது. அதைக் கேட்கவும் மாட்டேன்.

அந்தப் பதிவுகளுக்கு வந்திருந்த பின்னூட்டங்கள் எல்லாம் போனது போனதுதான். வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, பின்னூட்டம் வராத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட காலம் உண்டு. அப்போதெல்லாம் அறந்தாங்கியில் ஒருவர் முறுக்கு சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மற்றவர்களைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தைத் தோண்டி 31 பதிவுகளை மீட்டுக் கொடுத்த திண்டுக்கல் தம்பி. பேருந்து நிலையத்தில் வண்டியோடு காத்திருந்த தொண்டர்கள். பதிவு மேஜையில் நான் காலியாக விட்ட கட்டத்தில் பழைய வலைப்பூ பெயரைக் கேட்காமலே எழுதி என் கழுத்தில் மாட்டிவிட்ட மாணவி. விழாவை நடத்திவிட்டு அன்று இரவே கணக்கு எழுத உட்கார்ந்த புதுக்கோட்டை நண்பர்கள் எல்லோரும். முட்டை மாஸ் சாப்பிடாமல் அந்த ஊரை விட்டு வந்தது என் குற்றம், உங்கள் மேல் குறையில்லை.

புது வலைப்பூ நேற்றுத் திறந்தாயிற்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பேக்கப் எடுத்து ஒரு பிரதியை மகளின் கணினியிலும் போட்டுவைப்பதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன், ஐயா எழுதிய வரியை முதல் பின்னூட்டமாக வைத்து. அவர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஐயா, கடைசி அஞ்சலில் நீங்கள் கேட்டிருந்ததற்கு மட்டும் இங்கேயே பதில் சொல்கிறேன். சினிமாக் கொட்டகை வாசலில் அப்பாவின் சைக்கிள் தொலைந்த கதையை 2012இல் பாதியில் நிறுத்தி, 'மீதி அடுத்த பதிவில்' என்று போட்டேன். அடுத்த பதிவு எழுதவே இல்லை. 'மூன்று வருடமாகப் பார்க்கிறேன். சைக்கிள் கிடைத்ததா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைத்தது ஐயா. பெல் மட்டும் இல்லை. மீதி இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டிக்கு வரும்.