ஜூன் வரை அந்த வேலியோரத்தை வெட்டாதீர்கள்: எங்கள் கோயில் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் லண்டன் கோயிலின் பொதுக்கூட்ட அறிவித்தல் கிடைத்தது. கடைசிக்கு முதல் வரியில், "முன்வளவில் பூக்காத டஃபடில் கிழங்குகளை அகற்றி முழுவதும் புல் பதித்தல்" என்று இருக்கிறது. வேலியோரம் நாங்கள் நட்ட, வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கிற அந்தச் செடிதான் டஃபடில். அதோடு, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் புல் வெட்டும் ஆளுக்கு இந்த முறையும் சொல்லியாகிவிட்டது என்றும் அறிந்தேன். இந்த மடல் அந்த இரண்டுக்காகவும்தான்.

கேட்க வந்ததை முதலே கேட்டுவிடுகிறேன். வேலியோரத்தையும் ஓக் மரத்தடியையும் ஜூன் முதல் வாரம் வரை வெட்டாதீர்கள். மிச்ச வளவு முழுவதும் உங்கள் விருப்பம்.

பூக்காத கிழங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பூக்கவில்லை என்று சபையில் ஒருவராவது கேட்டீர்களா? புல்லை எத்தனை தரம் வெட்டினாலும் அது திரும்ப வரும். அதன் வளரும் முனை மண்ணோடு ஒட்டி அடியில் கிடக்கிறது, மெஷின் கத்தி அதைத் தொடுவதில்லை. எங்கள் தலைமுடி மாதிரித்தான். டஃபடிலுக்கு அந்த வசதி இல்லை. வருடத்துக்கு ஒரு தரம்தான் அதற்கு இலை. பூ வாடின பிறகு அந்த இலை வெயிலில் நின்று உணவு செய்து கீழே கிழங்கை நிரப்புகிறது. அடுத்த பங்குனிக்கு வர வேண்டிய பூவின் மொட்டு இந்தக் கோடை தொடங்கும்போதே கிழங்குக்குள் உருவாகத் தொடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் இலையை அடியோடு வெட்டினால் கிழங்கு அந்த வருடம் பட்டினி. பிறகு பூ எங்கிருந்து வரும்? பூத்து முடிந்து குறைந்தது ஆறு கிழமைக்கு அந்தப் பக்கம் மெஷினைக் கொண்டுபோக வேண்டாம் என்று இந்த நாட்டின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹோட்டிகல்ச்சரல் சொசைட்டி சொல்கிறது. நாங்கள் இரண்டு கிழமைகூடக் கொடுப்பதில்லை. புத்தாண்டு ஏப்ரல் 14இல் வருகிறது, வளவு "துப்புரவாக" இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வருடா வருடம் பட்டினி போட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று அறிவித்தலில் எழுதுகிறோம்.

அந்தக் கிழங்குகளை நட்டது யாரென்று உங்களுக்குத் தெரியும். மடப்பள்ளியில் மரக்கறி வெட்டித்தரும் அதே அம்மாமார்தான். ஒக்டோபர் மழையில், சேலைக்கு மேல் கோட், காலில் மகன்மாரின் பூட்ஸ். லண்டன் களிமண்ணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கிழங்கு நடும் குழாயை மிதித்து இறக்கினால் மண் உள்ளே கட்டியாக இறுகிவிடும். ஒவ்வொரு குழிக்கும் அதை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி வெளியே எடுத்தார்கள். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த ஒரு அம்மா குனிய முடியாமல், மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தபடியே நட்டா. ஒரு பெட்டி நீளம் நட்டு முடித்ததும் யாராவது பெட்டியை அரக்கி வைக்க வேண்டும். அப்படியே வேலி முழுவதும் போனா.

இந்தப் பங்குனியில் அவ வந்து வேலியோரம் பார்த்தா. வரிசையாக இலை நிற்கிறது, பூ இல்லை. என்னிடம் திரும்பி, "நான் தலைகீழா நட்டுட்டனோ பிள்ளை?" என்று கேட்டா.

தலைகீழாக நட்டாலும் டஃபடில் வளைந்து மேலே வரும் என்று அவவுக்குச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் அவ வீட்டுக்குப் போனா. அவவுக்கு யார் பதில் சொல்வது, செயலாளர் ஐயா?

சில வேளை கிழங்குகளுக்கு மேல் பெயர்ப்பலகை இல்லாததுதான் குறையோ தெரியவில்லை. எங்கள் கோயிலில் மின்விசிறிக்கு உபயகாரர் பெயர் உண்டு. செருப்பு வைக்கும் தட்டுக்கு உண்டு. கழிப்பறைக் கதவிலும் ஒரு குடும்பத்தின் பெயர் சில காலம் இருந்தது, பிறகு அவர்களே வெட்கப்பட்டுக் கழற்றினார்கள். காசு கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம், கையால் செய்தவர் வேலையை மெஷினால் வெட்டுகிறோம். கூட்டத்தில் கேட்கலாம் என்றால், "ஏனைய விடயங்கள்" வரும்போது எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். கார் நிறுத்தும் விடயத்துக்கு மட்டும் முக்கால் மணித்தியாலம்.

சரி, விடயத்துக்கு வருகிறேன்.

புல்லுக்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகள் ஓடுகிற நடு முற்றத்துக்கும், தேருக்குக் கொட்டகை போடுகிற இடத்துக்கும் ரை புல்தான் சரி. ஆயிரம் கால் மிதித்தாலும் எழும்பி நிற்கும், விதை போட்டால் கெதியாக முளைக்கும். அந்த இடத்தில் யாராவது டஃபடில் நடச் சொன்னால் நானே மறிப்பேன். ஆனால் ஓக் மரத்தடியில் போய்ப் பாருங்கள். கோடை முழுவதும் நிழல், மரவேர் தண்ணீரை இழுக்கிறது. அங்கே புல்லை எத்தனை தரம் பதித்தாலும் கடைசியில் பாசிதான் மிஞ்சும். டஃபடில் அங்கே பிழைத்துக்கொள்ளும். ஓக் துளிர்த்து இலை மூடுவதற்கு முதல், மாசியிலும் பங்குனியிலும் கிடைக்கிற வெயிலில் அது தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும்.

2022 யூலையில் இங்கிலாந்தில் வெக்கை 40 பாகையைத் தாண்டியது, ஆகஸ்டில் லண்டனில் குழாய் பிடித்துத் தண்ணீர் விடத் தடை வந்தது. கோயில் வளவு வைக்கோல் நிறமாகக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புல் மழை வந்த பிறகு தெளிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் புதிதாகப் பதித்த புல் அப்படியொரு கோடையைத் தண்ணீர் இல்லாமல் தாண்டாது. டஃபடிலுக்குக் கோடை என்றால் மண்ணுக்குள் உறக்கம், தண்ணீரே கேட்காது. புல்லுக்கு வெட்டுகூலி, பசளை, தண்ணீர் என்று பங்குனியில் தொடங்கினால் ஐப்பசி வரை செலவு. கிழங்குக்கு ஒரு தரம் கொடுத்த காசோடு சரி. பொருளாளர் ஐயா இந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தால் நல்லது.

டஃபடில் நஞ்சு, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். உண்மைதான். கிழங்கு வெங்காயம் போல இருப்பதால் சாப்பாட்டுச் சாமான்களுக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம் என்று 2015இல் இங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையே சூப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சொன்னது. அதனால் நடுகிற காலத்தில் கிழங்குப் பை மடப்பள்ளிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வோம். மற்றப்படி, ஊரில் கோயில் வீதியில் நிற்கிற அலரியும் நஞ்சுதான். அதன் பூவைப் பறித்து மாலை கட்டிச் சாமிக்கே சாத்துகிறோம். இந்த நஞ்சால் ஒரு நன்மையும் உண்டு: இங்குள்ள அணில் டியூலிப், குரோக்கஸ் பூச்செடிகளின் கிழங்கைக் கிண்டித் தின்னும், டஃபடிலைத் தொடாது.

இலை அலங்கோலமாக இருக்கிறது, முடிச்சுப் போட்டு விடலாமே என்ற யோசனையும் வந்தது. வேண்டாம். மடித்துக் கட்டினால் இலைக்கு வெயில் படாது, வெட்டியதற்குப் பாதிச் சமன். புத்தாண்டுக்கு வருகிற சனம் கொஞ்சம் நீட்டுப் புல்லைப் பார்த்தால் சாமி கோபிக்காது. தேர் ஆடியில்தான். ஜூன் முதல் வாரத்தில் இலை பழுத்துச் சாய்ந்த பிறகு வேலியோரத்தையும் ஒட்ட வெட்டினால் தேருக்கு வளவு நீங்கள் விரும்பினபடியே இருக்கும்.

ஆகவே தயவுசெய்து, இந்த ஏப்ரலில் வேலியோரத்தையும் ஓக் மரத்தடியையும் விட்டுவிட்டு மற்ற இடத்தை வெட்டச் சொல்லுங்கள். களை கொல்லும் மருந்து கலந்த புல் பசளையையும் அந்தப் பக்கம் தூவ வேண்டாம். கிழங்கு அகற்றும் தீர்மானத்தை இரண்டு வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். பட்டினி கிடந்த கிழங்கு தேற அவ்வளவு காலம் எடுக்கும். அதற்குப் பிறகும் பூக்காவிட்டால் நானே மண்வெட்டியோடு வருகிறேன்.

புல் வெட்டுகிற தம்பிக்கு எல்லை தெரிய, வருகிற சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தடி நட்டுக் கயிறு கட்டிவிடுகிறோம். அதற்குச் சபையின் அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
வேலியோரம் கிழங்கு நட்டவர்களில் ஒருவர்