செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: வாங்கினவர் மறுபடி வருவது பற்றி

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, சென்னிமலையிலிருந்தும் கவுந்தப்பாடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நம் ஆன்லைன் வியாபாரிகள் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. விவரமெல்லாம் மினிட் நோட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டு முழுக்க நம்மைச் சுற்ற வைத்த விஷயம் ஒன்றுதான்: ஆன்லைனில் நம்மிடம் ஒருமுறை வாங்கினவர் மறுபடி ஏன் வருகிறார், ஏன் வருவதில்லை? நேரத்தை அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

சித்திரைக் கூட்டத்தில் ஆளாளுக்குச் சொன்ன குறை, "பிராட்காஸ்ட் போட்டா யாருக்குமே போய்ச் சேர மாட்டேங்குதுங்க" என்பது. போனில் கோளாறு ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியலில், 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அவர் நம்பர் நம்மிடம் இருப்பது கணக்கில் வராது. டைரி டைரியாக நம்பர் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு முகம் சுருங்கித்தான் போனது. செய்தி போகவில்லையே என்று, வாடிக்கையாளர்களைக் கேட்காமலே குரூப்பில் இழுத்துப்போட்டவர்கள் கதை இன்னும் மோசம். நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் வாட்ஸ்அப் கணக்கே முடங்கவும் கூடும். நம்மில் ஒருவருக்குத் தீபாவளிக்கு முன்னால் அப்படி ஆகி, நல்ல சீசனில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

சரி, நம் நம்பரைச் சேமிக்க வைப்பது எப்படி? "சேவ் பண்ணிக்குங்க" என்று பார்சலில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது, பெட்ஷீட் விற்கும் சென்னிமலை அக்கா ஒருவருக்கு. படத்தில் அரக்கு நிறம், கையில் வந்தால் காபித்தூள் நிறம் என்ற சண்டை வராத துணி வியாபாரம் ஆன்லைனில் கிடையாது. அக்கா என்ன செய்கிறார் என்றால், ஆர்டர் வந்ததும் அதே உருப்படியை எடுத்துத் திண்ணையில் விரித்துக் காலை வெயிலில் ஒரு படம், உள்ளே டியூப்லைட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். "ரெண்டுல எது உங்க வீட்டு வெளிச்சமுங்க?" என்று கேட்கிறார். அந்தப் பக்கமிருந்து சரி என்று வந்த பிறகுதான் பார்சல் கட்டுவது. கூடவே, முதல் தண்ணியில் சாயம் கொஞ்சம் விடும், தனியாக அலசுங்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அப்புறம் ரெண்டு வாரம் கழித்து, "துவைச்சீங்களா? சாயம் எப்படிங்க இருந்துச்சு?" அதில் விற்பனைப் பேச்சே இருக்காது, விலைப்பட்டியலும் வராது. பலபேர் அவர் நம்பரை "பெட்ஷீட் அக்கா" என்று சேமித்து வைத்திருக்கிறார்களாம். கடைக்கு வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நாட்டுச்சர்க்கரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் போகிறது என்று பெருமையாகப் போட்டு விற்கிறோம். சரக்கு நல்லது, ஆனால் ஈரக்காற்று பட்டால் கசிந்து கட்டிபிடிக்கும். கார்த்திகையில் நம் உறுப்பினர் ஒருவர் சென்னைக்கு அனுப்பிய பார்சல் ஒன்று கூரியர் குடோனில் நனைந்தே போய்ச் சேர்ந்தது. வாங்கிய அம்மா கோபமாகப் படம் எடுத்து அனுப்பினார். இந்த இடத்தில் நம் ஆட்கள் பொதுவாகச் செய்வது கூரியர்காரன் ரசீதைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவது. இந்த உறுப்பினரோ அந்த அம்மாவுக்குப் போனைப் போட்டார். "இன்னைக்கே வேற சர்க்கரை அனுப்பிடறேனுங்க. உள் கவரும் நனைஞ்சிருந்தா அதைத் தொடாதீங்க. கட்டி மட்டும் பிடிச்சிருந்தா வெயில்ல காய வச்சு உடைச்சுக்கலாம்." அந்த அம்மா தைப் பொங்கலுக்கு அவர்கள் குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். அதோடு நம்மவரும் உள்ளே கெட்டியான கவர் போட்டு, வாயை ஒட்டி, மேலே இன்னொரு கவர் என்று மாற்றிவிட்டார். 2020-ஆம் ஆண்டு வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. சட்டம் பொறுக்கும், வாங்கினவர் பொறுக்க மாட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு வார்த்தையாவது போய்விட வேண்டும்.

மஞ்சள்காரர்களுக்கு வேறு தலைவலி. தை, மாசியில் புது வரத்து வரும்போது ஈரோட்டிலும் பெருந்துறையிலும் கோபியிலும் ஏலத்தில் விலை ஏறி இறங்கும். தூள் விலையை அதற்கேற்ப மாற்றினால் பழைய வாடிக்கையாளர் முகத்தைச் சுளிப்பார். நம் உறுப்பினர் ஒருவர் விலையை ஏற்றும் முன்பே வழக்கமாக வாங்குபவர்களுக்கு மட்டும் தகவல் சொல்லி, இந்த வாரத்துக்குள் கேட்டால் பழைய விலை என்கிறார். இது தள்ளுபடியைவிட நன்றாக வேலை செய்கிறது. அதே சமயம் ஒன்று: ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படத்தில் பெரிதாகப் போடுபவர்கள், விரல் மாதிரி நீளமான விரலிக்கும் உருண்டைக் கிழங்குக்கும் என்ன வித்தியாசம் என்று வாங்குபவர் கேட்டால் பதில் தெரிந்து வைத்திருங்கள். அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கூகுளில் ஒருவர் கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஆடி மாதம் கொஞ்சம் தலைதூக்கியது. நிறுத்தச் சொல்லிவிட்டோம். விதிப்படி தப்பு என்பது இருக்கட்டும், எல்லாரும் "சூப்பர் குவாலிட்டி" என்றே எழுதியிருந்தால் படிப்பவனுக்குத் தெரியாதா என்ன! அதைவிட, இரண்டு நட்சத்திரம் போட்ட ஆளுக்குப் பொறுமையாக எழுதிய பதில் ஒன்று இருந்தால் அதைத்தான் புதிதாக வருபவர் நின்று படிக்கிறார். காசு கொடுத்து இன்ஸ்டாகிராமில் பேச வைப்பவர்கள், அது விளம்பரம் என்று வீடியோவில் தெரியும்படி போடச் சொல்லுங்கள்.

இனி நமக்குள்ளே. சங்கக் குரூப்பிலிருந்து உறுப்பினர் ஒருவரின் வாடிக்கையாளர் நம்பர்களை எடுத்து இன்னொருவர் குறைந்த விலை சொல்லி மெசேஜ் அனுப்பியதால் புரட்டாசியில் பெரிய மனத்தாங்கல் வந்தது. பெயர் வேண்டாம், இருவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் வீட்டில் உட்கார வைத்துப் பழமை பேசித் தீர்த்தோம். பிறகு அந்த இருவருமே சேர்ந்து சொன்ன யோசனைதான் இப்போது நடப்பில் இருக்கிறது: பெட்ஷீட் வாங்குபவர் பவானி ஜமக்காளம் கேட்டால், "நான் விற்கலைங்க, எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, நம்பர் தரட்டுமா?" என்று கேட்டு, சம்மதித்த பிறகே அனுப்பி வைப்பது. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று மொய் நோட்டு மாதிரி ஒரு பேரேடு நம் துணைச் செயலாளர் எழுதி வருகிறார். கமிஷன் கிடையாது. அப்படி வாடிக்கையாளரைப் பெற்றுக்கொண்ட உறுப்பினர் பதிலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பெற்றுக்கொண்ட பக்கமே நிறைந்துகொண்டு போகும் பெயர்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. அவர்களிடம் தனியாகப் பேசுவோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, சங்கக் குரூப்பில் வாடிக்கையாளர் நம்பர் எதுவும் பகிரக்கூடாது. மீறினால் ஆறு மாதம் குரூப்பை விட்டு நீக்கம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அடுத்தவர் நம்பரோடு விளையாடுவது சரிப்படாது. இரண்டு, மார்கழிக்கு முன்னால் துணி, மசாலா, நெய் விற்கும் உறுப்பினர்களுக்குப் படம் எடுப்பதற்கும் பார்சல் கட்டுவதற்கும் ஒரு நாள் பயிற்சி; சொல்லித்தர அந்தச் சென்னிமலை அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார், சாப்பாடு சங்கச் செலவு.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் டீ குடிக்கப் போகும் முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள். அறிக்கையைச் சபை ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்