ஆண்டறிக்கை 2024–25: கட்டணமில்லா இணையவழிப் பாடங்களும் நமது வாசகர் வட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது கிளை நூலக வாசகர் வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். நூல் அறிமுகக் கூட்டங்கள், நவம்பர் மாதத் தேசிய நூலக வார விழா, புரவலர் சேர்க்கை ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்களைச் சனிக்கிழமை மாலைகளில் நூலக அரங்கில் கூடிப் பயில்வது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்த பணிக்கே ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு சென்றதால், அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

பாடங்களை மூன்று இடங்களிலிருந்து எடுத்துக்கொண்டோம். முதலாவது, 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கிவரும் அரசு நிறுவனத்தின் பாடங்களும் மின்னூலகமும். இரண்டாவது, 2017 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வயம் தளம். இதில் ஒவ்வொரு பாடத்துக்கும் காணொளி, வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் கேட்கும் அரங்கு என நான்கு உறுப்புகள் உண்டு. மூன்றாவது, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்திவரும் ஓப்பன்லேர்ன். வரலாறு, சமூகம், உடல்நலம், கலை என்று துறைவாரியாகத் தேர்ந்தெடுக்க இந்த மூன்றும் தாராளமாகப் போதும். இதற்கு மேல் தேடிப் போனால் தேர்ந்தெடுப்பதிலேயே ஆண்டு கழிந்துவிடும்.

வரலாற்றுப் பாடங்களுக்கு வந்த கூட்டம் வேறெதற்கும் வரவில்லை. கல்விக்கழகத்தின் பாடங்கள் தமிழிலேயே இருப்பதும், அவற்றோடு சேர்த்துப் படிக்கும் பழைய நூல்கள் மின்னூலகத்தில் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பயின்ற மாலையில், குடவோலை முறையில் ஊர்ச்சபையின் வாரியத்துக்கு, அதாவது செயற்குழுவுக்கு, உறுப்பினராக வருபவருக்கு வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பதையும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர் என்பதையும் உறுப்பினர்கள் ஆர்வத்துடன் விவாதித்தனர். நமது பொருளாளர் அன்று வழக்கத்தைவிடக் கூர்ந்து கேட்டதாகப் பலர் சொன்னார்கள். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த அந்தத் தேர்தலைக் குடியாட்சி என்று கொண்டாடுவது எவ்வளவு பொருந்தும் என்று கல்லூரி மாணவி ஒருவர் எழுப்பிய கேள்விக்கு அன்று முடிவான விடை கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் அதே பேச்சுத் தொடர்ந்தது.

சமூகப் பாடங்களில் நிலைமை வேறு. ஓப்பன்லேர்னின் பாடங்கள் பிரிட்டன் வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமிட்ட 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கை வறுமை, நோய், அறியாமை, அழுக்கடைந்த வாழிடம், வேலையின்மை ஆகிய ஐந்தையும் சமூகத்தின் பெருங்கேடுகளாகக் காட்டியதை வெறும் தகவலாகச் சொன்னபோது அரங்கில் சலனமே இல்லை. தமிழ்நாட்டில் வருமான வரம்பின்றி எல்லாருக்குமாக நடக்கும் பொது விநியோகத் திட்டத்தோடு அதை ஒப்பிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசத் தொடங்கிய பிறகே ரேஷன் கடையிலிருந்து முதியோர் உதவித்தொகை வரை பேச்சு நீண்டது. உடல்நலப் பாடங்களிலும் அப்படித்தான். அங்கே குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள் என்று பாடம் முடியும் இடத்தில், நம் ஊரார் ஆரம்ப சுகாதார நிலையத்தையும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற செவிலியரான நமது உறுப்பினர் உடனிருந்து விளக்கியிராவிட்டால் அந்த வகுப்புகளைப் பாதியில் நிறுத்தியிருப்போம்.

கலைப் பிரிவில் சுவரோவியம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஈரச் சுண்ணச் சாந்தின் மேல் வண்ணம் தீட்டும் ஐரோப்பிய முறையைப் பார்த்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களுக்கு வந்தோம். நாயக்கர் காலப் பூச்சுக்குக் கீழே மறைந்திருந்த இவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை என்பதால், அக்கோயிலுக்குப் பலமுறை சென்றுவந்த உறுப்பினர்களும் அவ்வோவியங்களைத் திரையில்தான் முதன்முதலாகக் கண்டனர்.

இவ்வனுபவங்களிலிருந்து நான் கண்டதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன். பாடம் இலவசமாகக் கிடைப்பது மட்டும் யாரையும் அரங்கில் உட்கார வைக்கவில்லை. தமிழில் எடுத்துச் சொல்லி, நம் ஊர் நிலையோடு பொருத்திக் காட்ட ஒருவர் முன்வந்த மாலைகளில் கூட்டம் நிலைத்தது. வெறுமனே காணொளியை ஓடவிட்ட மாலைகளில் தேநீர் இடைவேளைக்குப் பின் நாற்காலிகள் காலியாயின. எனவே பெரிய திரை வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை இவ்வாண்டு ஒத்திவைக்கலாம் என்பது என் கருத்து.

சான்றிதழ் குறித்து இளைஞர்கள் கேட்டிருந்தனர். ஓப்பன்லேர்னில் பங்கேற்புச் சான்று கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஸ்வயத்தில் பாடம் மட்டுமே இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் தேர்வெழுத வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயில இடமுண்டு என்பதால், மாணவர்கள் தம் கல்லூரியின் நடைமுறையை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். ஓப்பன்லேர்ன் பாடங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் வெளியிடுவதாக இருந்தால் அவற்றை மொழிபெயர்க்கவும் படியெடுக்கவும் தடையில்லை. இடையிடையே வரும் படங்களில் சில பிறருக்கு உரியவை என்பதால் அவற்றை விட்டுவிட வேண்டும். உடல்நலத் துறையில் ஒரு சிறு பாடத்தைத் தேர்ந்து, தமிழாக்கி, நம் ஊர் மருத்துவ வசதிகளைப் பற்றிய குறிப்புகளைச் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவரின் பார்வைக்குப் பின் அச்சிட்டு நூலகத்தில் வைக்கலாம். இதற்கென ஐவர் குழு ஒன்றை அமைக்கவும், அச்சுச் செலவைப் புரவலர் நிதியிலிருந்து எடுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டி, இவ்வறிக்கையை அவையின் முன் வைக்கிறேன்.

செயலாளர்,
கிளை நூலக வாசகர் வட்டம்