ஒரு கடைசி ஆட்டம் கொடுத்திருக்கலாம்

மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பாட்டக்கெட்டில், உங்கள் பெரிய அணிகளுக்கு வீரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் அணி ஒன்று ஆடிவந்த மெக்காய் மைதானத்தை 2025-இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி வருகிறது. பள்ளிக்கூடம் வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. அந்த அணி பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போன கதையும், அதற்கு முன் புது மைதானத்துக்காக நடந்த பேரமும் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: ஓர் ஊரைவிட்டு அணி கிளம்புவதானால், அந்த ஊர் மைதானத்தில் ரசிகர்கள் முன்னால் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று விதி போடுங்கள்.

மெக்காய்க்கு அது கிடைக்கவில்லை. 2020 சீசன்தான் கடைசி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கொரோனா வந்தது, மைனர் லீக் சீசனே ரத்தானது. 1942-இல் திறந்த மைதானம். 2019-இல் பார்த்ததுதான் கடைசி ஆட்டம் என்பதே தெரியாமல் வீட்டுக்குப் போனோம். மறு வருடம் ஆடுகளத்தில் மேசை நாற்காலி போட்டு இரவுச் சாப்பாடு பரிமாறினார்கள். அதற்கும் கூட்டம் வந்தது. சாப்பாட்டுக்காகவா வந்திருப்பார்கள்?

காத்திருக்கத் தெரிந்த ஊர் அது. 1981 ஏப்ரல் 18 இரவு ரோசெஸ்டர் அணியுடன் தொடங்கிய ஆட்டத்தை, வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியதை, 32 இன்னிங்ஸ் முடிந்து, 2-2 என்ற நிலையில், மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு மேல்தான் நிறுத்தினார்கள். அன்று ஈஸ்டர். வீரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். அந்த நேரத்திலும் 19 ரசிகர்கள் எழுந்து போகவில்லை. ஜூன் 23-இல் விட்ட இடத்தில் தொடங்கி, 33-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. மிச்ச ஆட்டத்துக்குப் பிடித்த நேரம் 18 நிமிடம்! அந்த 18 நிமிடத்துக்காக இரண்டு மாதம் கழித்து இரு அணிகளையும் களத்தில் நிறுத்த முடிந்ததல்லவா? 2021-இல் ஒரே ஒரு நாள் பழைய மைதானத்துக்கு வந்து ஆட மட்டும் ஏன் முடியாமல் போனது?

அந்த மைதானத்தில் வீரர்கள் உட்காரும் இடம் ரசிகர்களின் காலுக்கடியில், சுவருக்குள் இருந்தது. கையெழுத்து கேட்டு எட்டிப் பார்க்க வழியில்லை. பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனில் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தையும் பேனாவையும் வைத்து, கயிறு கட்டிக் கீழே விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கயிறு அசையும். மேலே இழுத்தால் பந்தில் ஒரு பெயர் இருக்கும். யாருடையது என்று அப்புறம்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். 2020-க்கென்று கேனை வெட்டி வைத்த பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இது பாட்டக்கெட்டோடு முடிந்த விஷயமும் இல்லை. அதே 2020 முடிவில் மைனர் லீக் அணிகளை 160-இலிருந்து 120 ஆகக் குறைத்தீர்கள். கழற்றிவிடப்பட்ட ஊர்களும் அந்த வருடம் ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை. சில ஊர்களுக்கு வேறு லீக் வந்தது, சரி. ஆனால் தங்கள் பழைய அணியை வழியனுப்பும் வாய்ப்பு ஓர் ஊருக்கும் கிடைக்கவில்லை. கேமரா வருவதென்றால் மட்டும் பழைய மைதானத்தின் அருமை உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. 1910-இல் திறந்த, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமின் ரிக்வுட் மைதானத்தில் 2024 ஜூனில் புதுப்புல் போட்டு, மேஜர் லீக் அணிகளான ஜயண்ட்ஸையும் கார்டினல்ஸையும் ஆடவிட்டு, உலகமே பார்க்கச் செய்தீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. பாட்டக்கெட் கேட்டது அவ்வளவு பெரிய விழாவைக்கூட இல்லை.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். தயவுசெய்து கடைசி ஆட்டத்துக்கான விதியைக் கொண்டுவாருங்கள். தொற்றோ வேறெதுவோ வந்து சீசன் ரத்தானால், மறு வருடம் ஒரு நாள் பழைய மைதானத்துக்கே வந்து ஆட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். மெக்காய்க்கு இனி அது உதவாது. அடுத்து அணியை இழக்கப்போகும் ஊருக்கு உதவும்.

இப்படிக்கு,
மைனர் லீக் ரசிகன் ஒருவன்