ஆண்டறிக்கை 2024–25: ரெகுலேட்டர் சர்வீஸும் ஓ-ரிங் டப்பாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் ஸ்கூபா டைவிங் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கடற்கரைத் துப்புரவு, நீச்சல்குளப் பயிற்சி, புதியவர்களுக்கான அறிமுக வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் வேண்டுவோர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தையும் தொண்டைத் தண்ணீரையும் இந்த ஆண்டு அதிகம் குடித்தது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அளவுக்கு இறக்கித் தரும் கருவியின் சர்வீஸ்தான். ஆகவே அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

உறுப்பினர்கள் வைத்திருப்பவை பல கம்பெனி ரெகுலேட்டர்கள்: ஸ்கூபாப்ரோ, அக்வாலங், ஏபெக்ஸ், மாரஸ், கிரெஸ்ஸி. ஆண்டுக்கொரு சோதனை, இரண்டு ஆண்டு அல்லது 100 டைவ் ஆனால் முழு சர்வீஸ் என்பது இன்று பல கம்பெனிகள் சொல்லும் கணக்கு. சொல்லிவிடுகிறார்கள், சரி. ஆனால் மாற்றுப் பாகங்கள் அடங்கிய சர்வீஸ் கிட்டை அங்கீகாரம் பெற்ற கடைக்குத்தான் கொடுப்பார்கள். அந்தக் கடை நம் ஊரில் இல்லை. வெளியூருக்கு அனுப்பினால், "கிட் இன்னும் வரவில்லை சார்" என்ற பதிலோடு மாதங்கள் ஓடுகின்றன. நம் உறுப்பினர் ஒருவர் சீசனுக்கு முன் அனுப்பியது சீசன் முடிந்துதான் திரும்பியது. அதிலும் ஹோஸ் இணைப்பில் காற்றுக் கசிந்து குமிழி.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சிலிண்டரில் இருக்கும் 200 பார் காற்றை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருந்தும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 9 முதல் 10 பாருக்கு இறக்குகிறது. அந்த வேலையைச் செய்வது, காற்றுவழியை மூடித் திறக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் சீட். அதைத் தவறாகப் பொருத்தினால் நீருக்கடியில் காற்று பீறிட்டு சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். பயிற்சி இல்லாத கை அதைத் தொடக்கூடாது என்பது சரியான பேச்சுதான். ஆனால் அதே காரணத்தைச் சொல்லி, எந்த பம்ப் கடையிலும் கிடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக்கூடப் பூட்டி வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதையொட்டி செயற்குழுவில் நடந்த வாக்குவாதத்தை முழுவதும் எழுதினால் பல பக்கம் ஆகும். "நாமே எல்லாம் செய்வோம்" என்று ஒரு பக்கம், "எதையும் தொடாதீர்கள்" என்று இன்னொரு பக்கம். கடைசியில் பாகங்களை இரண்டாகப் பிரித்தோம். அளவு எண் உள்ள பொதுப் பாகங்களைச் சங்கமே வாங்கி வைக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட், வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் சீட், மெல்லிய சவ்வான டையாஃப்ரம், ஸ்பிரிங் போல அந்தந்த மாடலுக்கே உரியவை கம்பெனி கிட்டில் மட்டுமே வரவேண்டும். அவற்றை மாற்றுவது பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மட்டுமே. பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் உபகரண வகுப்புச் சான்றிதழைக் காட்டி "நானே பிரிக்கிறேன்" என்று கேட்டவர்களுக்கு: அந்த வகுப்பு கருவியைப் புரிந்துகொண்டு பராமரிக்கத்தான், பிரித்து மேய அல்ல.

பொதுப் பாகங்களில் முதலிடம் ஓ-ரிங்குக்கு. ஏ.எஸ். 568 என்ற அளவுமுறையின் எண்ணைச் சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். சிலிண்டர் வால்வின் வாயில், அதைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகை ரெகுலேட்டர் வந்து அமரும் இடத்தில் இருப்பது 014. லோ பிரஷர் ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஏறும் இடத்தில் பெரும்பாலும் 011, ஹை பிரஷர் ஹோஸுக்கு 012. மூன்றுக்கும் கனம் 1.78 மி.மீ. பிரஷர் கேஜைத் திருப்பும்போது கழுத்தில் பொடிக் குமிழி வருகிறதே, அங்கே உள்ளே ஒரு சிறு குழல். அதன் இரு முனையிலும் இருப்பது 003. அந்த இரண்டு வளையங்களை மாற்றினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்குப் புது கேஜ் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு.

வாங்கும் இடம் பற்றி. கோயம்புத்தூரில் பம்ப் தொழில் இருப்பதால் ரப்பர் சீல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் பாரிமுனை வட்டாரம் இருக்கிறது. ஆனால் அளவு மட்டும் கேட்டு வராதீர்கள். எந்த ரப்பர், எவ்வளவு கடினம் என்றும் கேளுங்கள். சாதாரணக் காற்றுக்கு நைட்ரைல் போதும். அதிக அழுத்தம் தாங்கும் இடத்துக்கு 90 ஷோர் கடினம் நல்லது. கடையில் சும்மா கேட்டால் 70தான் கொடுப்பார்கள். 1.78க்குப் பதில் 2 மி.மீ. கனத்தில் ஒன்றை எடுத்துப் போட்டு "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், காடிக்குள் ஏற்றினால் நசுங்கி வெட்டுப்படும். வெர்னியரோடு போங்கள். விட்டான், ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் ரகங்களும் சங்கத்தின் ஓ-ரிங் டப்பாவில் இருக்கின்றன. ஈ.பி.டி.எம். மீது பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். வாசலினைக் கொண்டுவரும் நண்பர் இதைக் கவனிக்கவும். சிலிகான் கிரீஸ் நைட்ரைலுக்கு ஏற்றது. சிலிகானால் ஆன டையாஃப்ரத்துக்கும் மூச்சு வெளியேறும் வால்வுக்கும் எதையும் தடவ வேண்டாம். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் கலந்த காற்றைப் பயன்படுத்துபவரின் கருவிக்கு நம் சங்க அறையில் கை வைக்கமாட்டோம். அதற்குத் தனிச் சுத்தமும் தனி கிரீஸும் வேண்டும்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் நம் அறைக்குள்ளும் தண்ணீர் வந்தது. சுவரில் தொங்கிய ரெகுலேட்டர்கள் தப்பின. கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டியில் இருந்த உதிரிகள் சேற்றில் ஊறின. ரப்பருக்குத் தண்ணீரால் கேடு இல்லை என்று சிலர் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் உலோகப் பரப்பில் கீறல் விழும். உறை பிரிந்திருந்த அனைத்தையும் வெட்டிக் குப்பையில் போட்டோம். வெட்டியதற்குக் காரணம், யாராவது இரக்கப்பட்டு எடுத்துவிடக்கூடாது என்பதே. இப்போது எல்லாம் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாக்களில், வெயில் படாத மேல்தட்டில்.

இந்த ஆண்டு வாங்கியவற்றில் உருப்படியானது, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இறக்கித் தரும் அழுத்தத்தைக் காட்டும் இன்டர்மீடியட் பிரஷர் கேஜ். பி.சி.டி.க்கு, அதாவது நீரில் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டைக்கு, காற்று ஊதும் ஹோஸின் முனையில் அதைச் செருகினால் போதும், எதையும் பிரிக்க வேண்டாம். இரண்டு மூன்று முறை, செகண்ட் ஸ்டேஜில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தி விட்டபின் முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நின்றபின்னும் மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட் தேய்ந்திருக்கிறது, அல்லது அது அமரும் விளிம்பில் கீறல். அந்தக் கூடுதல் அழுத்தம் செகண்ட் ஸ்டேஜ் வழியாகக் கசியும். உஸ் என்ற சத்தம் வாய்ப்பக்கம் கேட்பதால் செகண்ட் ஸ்டேஜை மாற்றி மாற்றி சர்வீஸ் செய்வார்கள், நோய் வேறு இடத்தில் இருக்கும். நிரம்பிய சிலிண்டரிலும், 50 பாருக்கு இறங்கிய சிலிண்டரிலும் இரு முறை பாருங்கள்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் நுழைவாயிலில் உள்ள ஃபில்டரையும் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. தூசி மூடி போடாமல் கழுவியதன் பலன். செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கருப்பாக இருந்தால் கம்ப்ரெஸரின் கரி ஃபில்டரைச் சந்தேகிக்கணும், அது ரெகுலேட்டர்காரரின் குற்றம் அல்ல. கழுவும்போது நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். உப்பேறிய போர்த் தண்ணீரில் ஊறவைப்பது கடலிலேயே விட்டுவைப்பதற்குச் சமம். காற்று இணைப்பு இல்லாதபோது பர்ஜ் பட்டனை அழுத்தவே கூடாது, தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

ஓ-ரிங்கை எடுக்கச் சேலை ஊக்கு பயன்படுத்தும் வழக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். எஃகு முனை பித்தளைக் காடியைக் கீறும். பித்தளையால் ஆன கொக்கி இரண்டு அறையில் இருக்கின்றன, எடுத்தவர்கள் திரும்ப வைக்கவும்.

சர்வீஸ் முடிந்த கருவியோடு நேராக அந்தமான் விமானம் ஏறும் பழக்கமும் வேண்டாம். புது சீட் தன் இடத்தில் படிந்து அமரச் சில டைவ்கள் ஆகும். அதற்குள் அழுத்தம் சற்றே மாறும், மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். கோளாறு என்று ஒன்று இருந்தால் அது தலைகாட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான். முதலில் நீச்சல்குளம், அப்புறம் நம் கரையோரம் ஆழம் குறைந்த இடம், அதற்குப் பிறகு வெளியூர்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, சங்கம் இரவல் கொடுக்கும் ரெகுலேட்டர்கள் படிப்படியாக ஒரே மாடலுக்கு மாற வேண்டும். விதவிதமாக இருந்தால் விதவிதமான கிட். ஒன்றாக இருந்தால் ஒரே கிட்டை மொத்தமாகத் தருவிக்கலாம், ஆபத்துக்கு ஒன்றின் பாகம் மற்றதற்கு உதவும். எந்த மாடல் என்பதில் தலைவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பிஸ்டன் வகை எளிது, பாகம் குறைவு என்பது என் கட்சி, டையாஃப்ரம் வகையில் உப்பும் மணலும் உள்ளே புகாது என்பது அவர் கட்சி. கூட்டம் முடிவு செய்யட்டும். இரண்டு, உறுப்பினர் ஒருவரைக் கம்பெனி நடத்தும் டெக்னீஷியன் பயிற்சிக்குச் சங்கச் செலவில் அனுப்புவது. போய்வந்தவர் குறைந்தது மூன்று ஆண்டு இங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தீர்மானத்திலேயே எழுதப்பட்டுள்ளது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், "இதற்கு சர்வீஸ் கிட் இந்தியாவில் யாரிடம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் மலிவாகக் கொடுத்தனுப்பும் பழைய ரெகுலேட்டருக்கும் இதே கேள்விதான்.

வெள்ளத்துக்குப் பின் அறையைக் கழுவி, அலமாரியை உயர்த்திக் கட்டித் தந்த இளைய உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்று, இரு தீர்மானங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் கேஜ் மேசைமேல் இருக்கும். ரெகுலேட்டர் கொண்டு வந்தவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு வரிசையில் நிற்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்