புரிசை சம்பந்தன் வாத்தியாருக்கு

வணக்கம் வாத்தியார்.

2025 பத்மஸ்ரீ பட்டியலில் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் என்று உங்கள் பெயரைப் பார்த்ததும் சந்தோஷம் வந்தது, கூடவே கொஞ்சம் கோபமும். கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவை நடத்திய ந. முத்துசாமிக்கு 2012-லேயே இந்த விருதைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத் தகும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அவர் எந்தக் கூத்தைப் பார்த்து மயங்கி நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்தாரோ, அந்தக் கூத்தின் ஊரான புரிசைக்கு அது வந்து சேர இன்னும் 13 வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, வந்துவிட்டது. நல்ல கூட்டத்தோடும் வந்திருக்கிறது. வேலு ஆசானின் பறை, குருவாயூர் துரையின் மிருதங்கம், சிற்பி ராதாகிருஷ்ணன் தேவசேனாபதி எல்லாம் அதே பட்டியலில். சாவு வீட்டுக்கென்று ஒதுக்கிவைத்த பறையும் சபா மிருதங்கமும் ஒரே வரிசையில் நின்றதற்காகவே அதை மறுபடி மறுபடி படித்தேன்.

பத்மஸ்ரீயோடு பணமுடிப்பு கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், ஒரு பதக்கம், அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. (திருவிழா நோட்டீஸ் அடிப்பவர்கள் கேட்கவா போகிறார்கள்!)

எனக்கு உறுத்துவது வேறு. விருது ஒரு பெயருக்குத்தான் வரும். கூத்து அப்படியா நடக்கிறது? கட்டை (மரத்தில் செய்த கிரீடம், தோளணிகள்) கட்டிய கர்ணன் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொள்வது பின்பாட்டுக்காரர். ஆடுபவரின் காலைப் பார்த்தே மத்தளம் விழுகிறது. நடுராத்திரிக்கு மேல் கண் சொக்கும் சனத்தை உட்காரவைப்பது, கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் பாடு. அப்புறம் முகவீணை, நாயனம் போல ஊதுகிற சின்னக் குழல். அது இல்லாமல் திரௌபதி அழுதால் அழுகை பாதிதான் காதில் விழும். அதை வாசிக்க இன்று ஆள் கிடைப்பதே அரிது, ஆர்மோனியத்தை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னையேகூட. இணையத்தில் படிவத்தை நிரப்பி, அவர் செய்ததை 800 வார்த்தைக்குள் எழுத வேண்டும். சிக்கலே அங்கேதான். பாரதத்தை விடிய விடிய மனப்பாடமாகப் பாடுகிறவர் தன் பெருமையைத் தானே எழுதி அனுப்புவாரா? கூச்சமே விடாது. கூத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் உட்கார்ந்து எழுதட்டும். யாரைப் பற்றி எழுதுவது என்று நீங்கள் சொன்னால் ஜமாக்காரர்கள், அதாவது கூத்துக் குழுக்காரர்கள், மறுத்துப் பேச மாட்டார்கள்.

உங்கள் ஜமாவில் மட்டும் இல்லை, பக்கத்து ஊர் ஜமாக்களிலும் பாருங்கள். முகவீணைக்காரர், மத்தளக்காரர், பின்பாட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி, வயதில் மூத்தவரிலிருந்து தொடங்குங்கள். மறைந்தவர்களுக்கு இந்த விருதை அபூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் பெயரைச் சொல்லுங்கள் வாத்தியார், முதல் படிவத்தை நானே நிரப்பி அனுப்புகிறேன்.