கதிருக்கு: ரயில் கடனும் எண்ணெய்க் கடனும்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சீனா ஆப்பிரிக்காவைக் கடனால் வளைத்துப் போட்டுவிட்டது, அடுத்து துறைமுகங்கள் பறிபோகும் என்று எழுதியிருக்கிறாய். துறைமுகத்தை விடு, கடன் ஒப்பந்தத்தைப் படி.

கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில்பாதையையே எடுத்துக்கொள். 2014இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி சுமார் 320 கோடி டாலர் கடன் தந்தது. பாதி சலுகைக் கடன், 2 சதவீத நிலையான வட்டி. மறுபாதிக்கு ஆறு மாத லிபாரும் (லண்டனில் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்த வட்டி; சந்தையோடு ஏறி இறங்கும்) அதன் மேல் 3.6 சதவீதமும். கையெழுத்தானபோது லிபார் அரை சதவீதம்கூட இல்லை. 2023இல் 5ஐத் தாண்டியது. 4 சதவீதக் கடன் சுமார் 9 ஆகிவிட்டது! போதாததற்கு ரயிலின் வருமானம் கென்ய ஷில்லிங்கில், தவணையோ 2025 வரை டாலரில். பொருள்களைச் சீனாவிலிருந்து வாங்குவதற்கே முன்னுரிமை, தகராறு வந்தால் பெய்ஜிங்கில் நடுவர் மன்றம், இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு ரகசிய விதி. 2022 நவம்பரில்தான் கென்ய அரசு கடன் ஒப்பந்தங்களை வெளியிட்டது.

ரயிலுக்குச் சரக்கு சேர்க்க, இறக்குமதிக் கன்டெய்னர்களை ரயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று அரசே கட்டாயப்படுத்தியது. அடி விழுந்தது மொம்பாசா லாரிக்காரர்களுக்கு. 2022இல் ரூட்டோ அதிபர் பதவிக்கு வந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கியது; தவணை நீங்கவில்லை.

அங்கோலா கதை இன்னும் நுணுக்கமானது. 2004இல் அதே எக்ஸிம் வங்கியிடம் முதல் 200 கோடி டாலர் கடன், எண்ணெயை ஈடாக வைத்து. எண்ணெய் விற்ற பணம் தனிக் கணக்கில் விழும். தவணையை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் அங்கோலா அரசுக்கு. பீப்பாய் 100 டாலர் விற்கும்போது 10 கோடி டாலர் தவணைக்கு 10 லட்சம் பீப்பாய் போதும். 2016 ஜனவரியில் விலை 30க்கும் கீழே போனபோது அதே தவணைக்கு 33 லட்சத்துக்கு மேல் வேண்டும். விலை சரிந்த நஷ்டம் முழுக்க கடன் வாங்கியவன் தலையில்.

சீனாவை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. லிபார் கடன்களை மேற்கத்திய வங்கிகளும் ஏராளமாகத் தந்திருக்கின்றன. நாடாளுமன்றத்துக்குக் காட்டாமல் கையெழுத்துப் போட்ட அமைச்சர்களைக் கேட்பார் யாருமில்லை.

பேட்டரிகளில் சேரும் உலோகமான காங்கோவின் கோபால்ட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே கடனைவிட, சுத்திகரிப்பு யார் கையில் என்பதே கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மணி